கேட்கத் தெரியாத வாடிக்கையாளருக்குக் கேட்காமலே சொல்லுங்கள்: ஸ்கூபா கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

புதுச்சேரி, சென்னையை அடுத்த கோவளம், அந்தமானின் சுவராஜ் தீவு (ஹேவ்லாக்), ஷஹீத் தீவு (நீல்) ஆகிய இடங்களில் ஸ்கூபா கடை நடத்துவோருக்கும், அங்கே வேலை பார்க்கும் பயிற்றுநர்கள், டைவ்மாஸ்டர்கள் (நீருக்கடியில் வழிகாட்டிகள்), படகோட்டிகளுக்கும்,

வணக்கம்.

உங்களிடம் வரும் தமிழ் வாடிக்கையாளர்களில் பலர் வாழ்நாளில் ஒரே ஒரு தடவை கடலுக்கடியில் போகிறவர்கள். புதிதாகக் கல்யாணமானவர்கள், கல்லூரி விடுமுறைக் கூட்டம், பிள்ளைகள் ஆசையாகக் கூட்டிவந்த ஐம்பது வயது அப்பா அம்மா. விலையையும் படங்களையும் பார்த்துத்தான் அவர்கள் கடையைத் தேர்ந்தெடுக்கிறார்கள். சிலிண்டருக்குள் போகும் காற்று எங்கிருந்து வருகிறது, சிலிண்டர் காற்றை மூச்சுக்கு ஏற்றபடி தரும் ரெகுலேட்டரைக் கடைசியாக எப்போது பிரித்துப் பார்த்தீர்கள், படகில் ஆக்சிஜன் இருக்கிறதா என்றெல்லாம் கேட்க அவர்களுக்குத் தெரியாது. ஊர் திரும்பிய பிறகு அவர்கள் சொல்வதும் வீடியோ நன்றாக வந்ததா, பையன் சிரித்த முகமாக இருந்தானா என்பதோடு முடிந்துவிடுகிறது. இதனால் ஒழுங்காகச் செலவு செய்து நடத்தும் கடைக்கும், செலவை மிச்சம் பிடிக்கும் கடைக்கும் உள்ள வித்தியாசம் யார் கண்ணிலும் படுவதில்லை. நல்ல கடைக்காரர்தான் இதில் நட்டப்படுகிறார். வாடிக்கையாளர் கேட்காததை நீங்களாகவே சொல்லுங்கள், காட்டுங்கள், எழுதிக் கொடுங்கள். இந்த மடலின் கோரிக்கை அதுதான்.

முதலில் பணம். பாதுகாப்பைப் பற்றிப் பேச வந்துவிட்டுப் பணத்தில் தொடங்குவதற்குக் காரணம் உண்டு. எந்த டைவையும், எந்த நேரத்திலும், எந்தக் காரணத்துக்காகவும், காரணமே சொல்லாமலும் கைவிடலாம் என்பது இந்தத் துறையின் அடிப்படை விதி. முன்பணம் திரும்ப வராது என்று ரசீதில் அச்சடித்துவிட்டால் அந்த விதி செத்துப்போகிறது. சில ஆயிரம் ரூபாய் கட்டியவர் படகில் ஏறிய பிறகு பயமாக இருக்கிறது என்று சொல்ல மாட்டார். சளி பிடித்திருப்பதை மறைப்பார். மருத்துவப் படிவத்தில் எல்லாக் கேள்விக்கும் ‘இல்லை’ என்று எழுதுவார். மருத்துவக் காரணத்தால் மறுக்கப்பட்டவருக்கு முழுப் பணமும், தண்ணீரில் இறங்கும் முன் வேண்டாம் என்றவருக்குப் படகுச் செலவு போக மீதியும் திருப்பித் தரப்படும் என்று தமிழில் எழுதி, பதிவு செய்யும்போதே அனுப்புங்கள். கடல் சரியில்லை என்று நீங்களே ரத்து செய்தால் வேறு தேதியா, பணமா என்பதை அவர் முடிவு செய்யட்டும். மறுநாள் காலை கப்பலுக்கு டிக்கெட் எடுத்திருப்பவருக்கு வேறு தேதியால் பயனில்லை.

விலையில் எது அடங்கும், எது அடங்காது என்பதையும் அதே தாளில் போட்டுவிடுங்கள். ‘45 நிமிடம்’ என்று விளம்பரத்தில் இருந்தால் அது உடை மாட்டுவதிலிருந்து கணக்கா, தலை நீருக்குள் போனதிலிருந்தா? வீடியோவுக்குத் தனிக் காசா? ஓப்பன் வாட்டர் என்ற முதல் நிலைச் சான்றுப் பயிற்சி என்றால் இணையப் பாடத்தின் கட்டணமும் சான்றட்டையின் கட்டணமும் உள்ளே வருகிறதா? வாய்ச்சண்டைகளில் பெரும்பகுதி இந்த மூன்றில்தான் பிறக்கிறது. ஒரு தாளால் தீரக்கூடியது.

மருத்துவப் படிவத்துக்கு வருவோம். 2020-இல் திருத்தி வெளியிடப்பட்ட, உலகெங்கும் பயிற்சி அமைப்புகள் பயன்படுத்தும் படிவத்தில் முதல் பக்கத்தில் 10 கேள்விகள்தான். ஆஸ்துமா, நெஞ்சு அல்லது நுரையீரல் அறுவை சிகிச்சை, இதய நோய், வலிப்பு, காது அறுவை சிகிச்சை, சர்க்கரை, 45 வயதுக்கு மேற்பட்டவர்களின் ரத்த அழுத்தம், கொழுப்பு, புகைப்பழக்கம் எல்லாம் அந்தப் பத்துக்குள்ளும் அவற்றின் கிளைக் கேள்விகளுக்குள்ளும் வந்துவிடும். கர்ப்பமாக இருப்பவர் டைவ் செய்யக்கூடாது என்பது படிவத்தின் குறிப்பிலேயே இருக்கிறது. சிலவற்றுக்கு ‘ஆம்’ என்றால் மருத்துவர் பார்த்துக் கையெழுத்திட்ட பிறகே தண்ணீர். இதைப் படகுத்துறையில், வெட்சூட் பாதி மாட்டிய நிலையில், ஆங்கிலத்தில் நீட்டி ‘கையெழுத்துப் போடுங்க சார், சும்மா ஃபார்மாலிட்டி’ என்பது படிவத்தையே குப்பையில் போடுவதற்குச் சமம். தமிழ்நாட்டிலிருந்து வரும் நடுத்தர வயதுக்காரர்களில் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ஏராளம்; கேட்கும் விதத்தில் கேட்டால் மறைக்காமல் சொல்வார்கள். பயணத்துக்கு ஒரு வாரம் முன்பே, அவர்கள் தங்கள் குடும்ப மருத்துவரைப் பார்க்கும் தூரத்தில் இருக்கும்போதே, தமிழில் அனுப்புங்கள்.

அடுத்து, கூடவே வருவது யார்? ‘ஒருவருக்கு ஒருவர்’ என்று பலகை வைத்திருக்கிறீர்கள், நல்லது. அந்த ஒருவர் தகுதி பெற்ற பயிற்றுநரா, டைவ்மாஸ்டரா, கடையில் சிலிண்டர் தூக்கிப் பழகிய பையனா? பேடி (PADI) என்ற டைவிங் பயிற்சி அமைப்பின் விதிப்படி புதியவரின் அறிமுக டைவைக் கடலில் நடத்தப் பயிற்றுநர் வேண்டும். ஒரு பயிற்றுநருக்கு அதிகபட்சம் 4 பேர். ஆழம் 12 மீட்டரைத் தாண்டக்கூடாது. வயது 10 ஆகியிருக்க வேண்டும். அந்த 4 என்பது கண்ணாடி போன்ற நீருக்கான உச்ச வரம்பு. புதுச்சேரிக் கடல் கலங்கி, ஐந்து மீட்டர் தள்ளி நிற்பவரே நிழலாகத் தெரியும் நாளில், இரண்டு பேரையே ஒருவரால் சரியாகக் கவனிக்க முடியாது. பயிற்றுநரின் பெயர், எந்த அமைப்பில் சான்று, உறுப்பினர் எண், இந்த ஆண்டுக்குப் புதுப்பித்திருக்கிறாரா என்பதைக் கடைச் சுவரில் மாட்டுங்கள். அந்த எண்ணைப் போட்டு அமைப்பின் தளத்தில் சரிபார்க்கலாம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

பயிற்சிக்கு வருபவர்களிடமும் இதே நேர்மை வேண்டும். ஓப்பன் வாட்டர் சான்றுக்கு நான்கு கடல் டைவ்கள், அதற்கு முன் குளத்திலோ அமைதியான ஆழமற்ற நீரிலோ திறன் பயிற்சி, 200 மீட்டர் நீச்சல், 10 நிமிடம் மிதத்தல். ஊர் திரும்பும் அவசரத்தில் இருப்பவருக்காக நீச்சல் சோதனையை விட்டுவிடுவதும், மாஸ்க்கைக் கழற்றி மாட்டும் பயிற்சியை ‘ஒரு தடவை செஞ்சாச்சு, போதும்’ என்று முடிப்பதும் அவருக்குச் செய்யும் உதவி ஆகாது. அந்த அட்டையைக் காட்டி அவர் நாளை வேறு கடலில், அறிமுகமில்லாத ஒருவரோடு 18 மீட்டர் இறங்குவார். அதேபோல, 18 மீட்டர் அட்டை உள்ளவரை ஹேவ்லாக் அருகேயுள்ள டிக்சன்ஸ் பினாக்கிள் போன்ற ஆழமான இடத்துக்குக் கூட்டிப்போகும் முன், டைவ்களைக் குறித்துவைக்கும் அவருடைய லாக் புத்தகத்தைக் கேளுங்கள். கடைசி டைவ் எப்போது என்று பாருங்கள். வருடக்கணக்கில் இடைவெளி இருந்தால் முதலில் ஆழமற்ற இடத்தில் ஒரு டைவ். இதற்கு முகம் சுளிக்கிற வாடிக்கையாளரை இழந்தாலும் பரவாயில்லை.

இனி விளக்கவுரை. அறிமுக டைவில் மிக அதிகமாகச் சொதப்புவது இங்கேதான். ‘ஆழம் கொஞ்சம்தான், ஒண்ணும் ஆகாது’ என்ற பேச்சை விட்டுவிடுங்கள். அழுத்த மாற்றம் விகிதத்தில் மிகப் பெரியதாக இருப்பது முதல் 10 மீட்டரில்தான். மேற்பரப்பில் ஒரு பங்காக இருப்பது அங்கே இரு பங்காகிவிடுகிறது. காதுக்குள் அழுத்தத்தைச் சமன் செய்யாமல் இறங்கினால் இரண்டு மூன்று மீட்டரிலேயே செவிப்பறை காயப்படலாம். நுரையீரல் நிறையக் காற்றை அடைத்துக்கொண்டு ஒருவர் மேலே பாய்ந்தால் ஒன்றேகால் மீட்டர் உயர்வுகூட நுரையீரலைக் கிழிக்கப் போதும். பயந்த புதியவர் இயல்பாகச் செய்வது இரண்டு: மூச்சைப் பிடித்துக்கொள்வது, மேலே பாய்வது. இரண்டையும் சேர்த்துச் செய்தால் என்ன ஆகும் என்று அவருக்கு அவர் மொழியில், தரையில் உட்கார்ந்து, அவசரமில்லாமல் சொல்ல வேண்டும்.

காதுக்கு எப்போது காற்றுத் தள்ள வேண்டும் என்பதையும் தெளிவாகச் சொல்லுங்கள். வலித்த பிறகு மூக்கைப் பிடித்து ஊதினால், காதையும் தொண்டையையும் இணைக்கும் குழல் அதற்குள் அழுந்தி மூடிக்கொண்டிருக்கும். பலமாக ஊத ஊத உள்காதுக்கே ஆபத்து. தலை நீருக்குள் போகும் முன் ஒரு தடவை, பிறகு அரை மீட்டருக்கு ஒரு தடவை, மெதுவாக. திறக்கவில்லையா, ஒரு மீட்டர் மேலே வந்து மறுபடி. அப்படியும் திறக்கவில்லை என்றால் அன்றைக்கு டைவ் முடிந்தது. சளியோடு இருப்பவருக்கு மூக்கடைப்பு மருந்து கொடுத்து இறக்குவது இன்னும் மோசம்: கீழே மருந்தின் வேகம் தணிந்ததும் குழல் அடைத்துக்கொள்ளும்; மேலே வரும்போது விரியும் காற்று வெளியேற வழியிருக்காது.

சைகைகளில் ஒன்றை மட்டும் மூன்று தடவை சொல்லுங்கள். நம் ஊரில் கட்டைவிரலை உயர்த்தினால் ‘சூப்பர்’. நீருக்கடியில் ‘மேலே போகணும்’. மீனைப் பார்த்த சந்தோஷத்தில் கட்டைவிரலைக் காட்டியவரைப் பயிற்றுநர் மேலே கூட்டிவர, ‘பாதியிலேயே முடித்துவிட்டார்கள்’ என்று அவர் கடையைக் குறை சொல்லும்படி ஆகிறது. காது வலிக்கும்போது காட்டும் சைகையையும் அவரையே செய்துகாட்டச் சொல்லுங்கள். தலையாட்டியதை ‘புரிந்தது’ என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தமானில் தமிழ் பேசத் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமே இல்லை. இந்தியிலும் வேகமான ஆங்கிலத்திலும் விளக்கிவிட்டுத் தமிழ்க் குடும்பத்தைத் தண்ணீரில் இறக்குவதற்குச் சாக்கே கிடையாது.

பெண்களுக்கு உடை மாற்றத் தாழ்ப்பாள் உள்ள அறை வேண்டும். பி.சி.டி. என்ற மிதவைச் சட்டையின் பட்டையையும் எடைப் பெல்ட்டையும் சரிசெய்யும்போது எங்கே கை படும், ஏன் படும் என்று முன்பே சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

காற்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும். வாடிக்கையாளரால் பார்க்கவோ முகரவோ முடியாத ஆபத்து இதில் இருக்கிறது. சிலிண்டரில் காற்று நிரப்பும் கம்ப்ரெசரின் உறிஞ்சும் குழாய் ஜெனரேட்டர் புகைக்கும், வண்டி நிறுத்துமிடத்துக்கும், சமையல் புகைக்கும் எட்டாத உயரத்தில், காற்று வரும் திசையில் இருக்க வேண்டும். காலையில் தரைக்காற்றுக்கு ஏற்றபடி வைத்தது மதியம் கடற்காற்று திரும்பியதும் பொருந்தாமல் போகலாம். வெளிப்புகை ஒரு பக்கம் என்றால், கம்ப்ரெசர் அளவுக்கு மீறிச் சூடானால் அதன் மசகெண்ணெயே கருகி உள்ளுக்குள்ளேயே கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவை உண்டாக்கும். எண்ணெய் வாடை வந்தால் யாராவது கவனிப்பார்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே இல்லை. ஐரோப்பியத் தரம் ஈ.என். 12021 இதற்கு 5 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 5 பங்கு) என்று வரம்பு வைத்திருக்கிறது. அமெரிக்க ‘கிரேடு ஈ’ தரத்தில் 10. ஆழம் போகப்போக இதன் பாதிப்பு பெருகும்: 30 மீட்டரில் அழுத்தம் நான்கு மடங்கு, ஆகவே மேலே 10 ஆக இருப்பது உடலுக்கு அங்கே 40 போல.

வடிகட்டிக் குப்பியில் ஈரம் உறிஞ்சும் மாலிக்யூலர் சீவ், வாடையும் எண்ணெயும் பிடிக்கும் கரி, கார்பன் மோனாக்சைடை மாற்றும் ஹாப்கலைட் என்று அடுக்கு இருக்கும். ஹாப்கலைட் ஈரப்பட்டால் வேலை செய்யாது. தயாரிப்பாளர் சொல்லும் மணிக்கணக்கு குளிர்நாட்டு வெப்பநிலைக்கானது. நம் கரையின் வெக்கையிலும் ஈரத்திலும் அது கணிசமாகக் குறையும். கையேட்டில் வெப்பநிலைக்கேற்ற திருத்த அட்டவணை இருந்தால் அதன்படி மாற்றுங்கள், நிறம் மாறும்வரை காத்திருக்க வேண்டாம். ஓடும்போது தேங்கும் நீரைத் தவறாமல் திறந்துவிடுங்கள். ஓடிய மணி, வடிகட்டி மாற்றிய தேதி, கடைசிக் காற்றுப் பரிசோதனையின் முடிவு, இந்த மூன்றும் உள்ள நோட்டைக் கல்லாவுக்குப் பக்கத்தில் தொங்கவிடுங்கள். பலருக்குப் புரியாதுதான். புரிந்த ஒருவர் வந்து பார்க்கக்கூடும் என்ற நினைப்பே நோட்டை நேராக எழுத வைக்கும்.

சிலிண்டர்கள் ஆண்டுக்கு ஒரு தடவை உள்ளே பார்வையிடப்பட வேண்டும். ஐந்து ஆண்டுக்கு ஒரு தடவை நீரழுத்தச் சோதனை. தேதி சிலிண்டரின் தோள்பகுதியில் பொறிக்கப்பட்டிருக்கும். அதை வாடிக்கையாளருக்குக் காட்டுங்கள், பத்து விநாடி வேலை. இன்னொன்றும் உண்டு. வழக்கமான அலுமினியச் சிலிண்டரின் கொள்ளளவு 11 லிட்டர், நிறைந்தபோது அழுத்தம் 200 பார் (பார் என்பது அழுத்த அலகு). 50 பார் கையிருப்பு போக 1,650 லிட்டர் கிடைக்கும். 8 மீட்டரில் பதற்றத்தோடு மூச்சு விடும் புதியவர் நிமிடத்துக்கு 45 லிட்டர் வரை இழுப்பார். முப்பத்தைந்து நிமிடத்துக்குச் சற்று மேல் வரும். ஒருவர் பயன்படுத்திவிட்டு 110 பாரில் விட்ட சிலிண்டரை அடுத்தவர் முதுகில் மாட்டினால் அவருக்குக் கிடைப்பது கால் மணி நேரம்கூட இல்லை, அதுவும் காற்றைப் பார்த்துப் பார்த்து. ஒருவருக்கு ஒரு நிறைந்த சிலிண்டர். இதில் பேரம் வேண்டாம்.

வால்வை முழுவதும் திறந்து விடுங்கள். திறந்துவிட்டுக் கொஞ்சம் பின்னால் திருகும் பழைய பழக்கத்தால், மூடியிருந்த வால்வைக் கால் சுற்று மட்டும் திறந்து அனுப்பும் தவறு நேர்கிறது. மேற்பரப்பில் மூச்சு நன்றாகவே வரும். கீழே காற்று அடர்ந்ததும் இழுத்தால் வராது. அளவுமானியைப் பார்த்தபடி நான்கு மூச்சு பலமாக இழுத்தால் முள் ஆடிக் காட்டிவிடும். இந்தச் சோதனையை வாடிக்கையாளரையே செய்யச் சொல்லுங்கள்; பயம் குறையும், உங்கள்மேல் நம்பிக்கையும் வரும். மவுத்பீஸ் பல் பதியும் இடத்தில் கிழிந்திருந்தால் ஒவ்வொரு மூச்சுக்கும் உப்புத் தண்ணீர் சொட்டும். அதில்தான் முதல் பதற்றம் தொடங்குகிறது, விலையோ மிகச் சொற்பம். மாஸ்க் கழுவும் அதே தொட்டியில் ரெகுலேட்டரை முக்காதீர்கள். மவுத்பீசுக்குத் தனித் தொட்டி, கிருமிநாசினி, பிறகு நல்ல தண்ணீர். புதியவர் மூழ்க மாட்டேன் என்கிறார் என்று எடையைக் கூட்டிக்கொண்டே போவதும் வேண்டாம். அவர் மூச்சை முழுவதும் விடவில்லை என்பதுதான் பெரும்பாலும் காரணம்.

படகில் ஆட்களைப் பெயர் சொல்லி எண்ணுங்கள், இறங்கும் முன்னும் கிளம்பும் முன்னும். 1998 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டில் ஒரு தம்பதியைக் கடலிலேயே விட்டுவிட்டுப் படகு திரும்பியது, எண்ணிக்கையில் பிழை. படகில் கிடந்த அவர்களுடைய பையை வைத்து இரண்டு நாள் கழித்துத்தான் கண்டுபிடித்தார்கள். அவர்கள் கிடைக்கவேயில்லை. கோரமண்டல் கரையில் விசைப்படகுகளும் ஃபைபர் படகுகளும் குறுக்கும் நெடுக்கும் போகின்றன. கீழே ஆள் இருப்பதைக் காட்டும் கொடி ஏற்றாமல், ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு மிதவைக் குழாய் இல்லாமல், அறுந்த வலையை வெட்டக் கத்தி இல்லாமல் இறங்காதீர்கள். ஆள் ஏணியைத் தொடும்போது எஞ்சின் நியூட்ரலில் இருந்தால் போதாது, அணைந்திருக்க வேண்டும்.

ஆக்சிஜன் ‘இருக்கிறது’ என்று சொல்லும் கடைகளில் எவ்வளவு இருக்கிறது என்று கணக்குப் பாருங்கள். நம் ஊரில் கிடைக்கும் பி-டைப் மருத்துவச் சிலிண்டர் 1,500 லிட்டர். நிமிடத்துக்கு 15 லிட்டர் வீதம் 100 நிமிடம். அழுத்தநீக்க நோய்க்கு (அழுத்தம் குறையும்போது உடலுக்குள் வாயுக் குமிழிகள் உண்டாவதால் வருவது) சிகிச்சை தரும் அழுத்த அறை உள்ள, ஸ்ரீ விஜயபுரத்தின் (போர்ட் பிளேர்) கடற்படை மருத்துவமனையான ஐ.என்.எச்.எஸ். தன்வந்திரிக்கு ஹேவ்லாக்கிலிருந்து அரசுக் கப்பலில் போக இரண்டு மணி நேரத்துக்கு மேல். ஆகவே ஒன்று போதாது. முகமூடியும் குழாயும் பொருந்துகிறதா என்று மாதம் ஒரு தடவை திறந்து பாருங்கள். சிலிண்டரைத் திறக்கும் சாவி காணாமல் போவது சகஜம்.

டைவ் முடிந்ததும் மறுநாள் பயணத்தைக் கேளுங்கள். ஒரு டைவ் என்றால் 12 மணி நேரம், பல டைவ் அல்லது பல நாள் என்றால் 18 மணி நேரம் விமானம் கூடாது. இதை எல்லாரும் சொல்கிறீர்கள். சொல்லாமல் விடுவது மலையை. கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர், ஊட்டி 2,240. விமானத்துக்குள் இருக்கும் அழுத்தம் ஏறக்குறைய 2,400 மீட்டர் உயரத்துக்குச் சமம் வரை போகலாம். புதுச்சேரியில் மதியம் டைவ் செய்துவிட்டு இரவு பஸ்ஸில் மலையேறுபவர் உடலுக்கு அது விமானம்தான்.

பவளத்தைப் பற்றிச் சுருக்கமாக. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் திட்டுகளை உருவாக்கும் பவளங்கள் 2001 முதல் இருக்கின்றன. வீடியோவுக்காகப் புதியவரைப் பவளத்தின்மேல் மண்டியிட வைப்பதும், பிஸ்கட் தூவி மீனைக் கூட்டுவதும் வேண்டாம். 2010-இலும் 2016-இலும் வெளுத்துப் பாதி செத்த திட்டுகளை வைத்துத்தான் நாம் எல்லாரும் பிழைக்கிறோம்.

கடைசியாக, ஊருக்குப் போனவர் திரும்ப அழைக்கும் தொலைபேசி. அழுத்தநீக்க நோயின் அறிகுறிகள் பல மணி நேரம் கழித்தும் தொடங்கலாம்: மூட்டு வலி, மரத்துப்போதல், அசாத்தியக் களைப்பு, தலைசுற்றல், தோலில் திட்டுத்திட்டாகச் சிவப்பு. அவர் முதலில் கூப்பிடுவது உங்களைத்தான். ‘முதல் தடவை இல்லையா, உடம்பு வலி இருக்கும், தூங்கி எழுந்தா சரியாயிடும்’ என்று அந்த அழைப்பை எடுப்பவர் சொல்லக்கூடாது. என்ன அறிகுறி, எப்போது தொடங்கியது, எத்தனை மீட்டர், எத்தனை நிமிடம், மேலே வந்து எத்தனை மணி நேரம், அதன் பிறகு விமானமோ மலையோ ஏறினாரா என்று கேட்டு எழுத வேண்டும். படுக்கச் சொல்லி, பக்கத்து மருத்துவமனைக்குப் போய் உடனே ஆக்சிஜன் வாங்கச் சொல்ல வேண்டும். அவருடைய டைவின் ஆழமும் நேரமும் உள்ள பதிவை அந்த மருத்துவருக்கு அனுப்ப வேண்டும். டைவைப் பற்றித் தெரியாத மருத்துவர் அதை வைத்துத்தான் அழுத்த அறை உள்ள இடத்தில் பேச முடியும். அதற்கு அந்தப் பதிவு உங்களிடம் இருக்க வேண்டும். அறிமுக டைவுக்கும் பயிற்றுநர் கையில் கட்டியிருக்கும் டைவ் கணினியிலிருந்து ஆழத்தையும் நேரத்தையும் எடுத்து, பெயரோடு அன்றே எழுதி வையுங்கள். இரவிலும் எடுக்கப்படும் ஓர் எண்ணை அவர் ரசீதின் பின்னால் எழுதிக் கொடுத்து அனுப்புங்கள்.

அன்புடன்,
இந்தக் கரைகளில் டைவ் செய்வோரும், சொல்லிக்கொடுப்போரும், கருவிகளைப் பழுதுபார்ப்போரும்